கூத்து விளக்கை ஆர்டுயினோவால் மங்கவைப்பது: 230 வோல்ட்டோடு விளையாடாமல்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பாலிடெக்னிக் தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மாமா சவுண்டும் லைட்டும் வாடகைக்கு விடுபவர். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு நான்கு 500 வாட் ஹாலஜன் விளக்கு கட்டுகிறார்கள். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடும்போது வெளிச்சம் மெல்ல இறங்க வேண்டும், திரை விலகும்போது மெல்ல ஏற வேண்டும். தம்பியின் ஆசை இதுதான். அதற்கு எடுத்துக்கொண்டவை: ஆர்டுயினோ யூனோ (புரோகிராம் ஏற்றும் சின்ன போர்டு), எம்ஓசி3041 ஆப்டோகப்ளர் (இரண்டு பக்கத்தையும் ஒயரால் சேர்க்காமல் வெளிச்சத்தால் சேதி கடத்தும் சில்லு), பிடி136 டிரையாக் (ஏசி கரண்டுக்கான எலக்ட்ரானிக் சுவிட்ச்), ஒரு பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் ஒயர் குத்தும் துளைப் பலகை). புரோகிராமில் அனலாக்ரைட் (பின்னை வேகமாக ஆன், ஆஃப் செய்யும் கட்டளை) என்று கொடுத்தால் விளக்கு மங்கவில்லை, கண்டபடி துடிக்கிறது. இரண்டாம் நாள் டிரையாக்கும் போய்விட்டது, விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. "எங்கே தப்பு?" என்கிறார்.

தம்பி, நீங்கள் கேட்டதற்கு மூன்று பதில் இருக்கிறது. ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கியது நீங்கள் கேட்காத ஒன்று: அந்த பிரெட்போர்டு. லேப்டாப் ஒயர் ஒரு பக்கம், வீட்டு கரண்ட் ஒரு பக்கம், நடுவில் குச்சி ஒயர். அதை முதலில் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு மீதியைப் படியுங்கள்.

முதலில் அந்தத் துடிப்பு. டிரையாக் லெவல் கிராஸிங் கேட் மாதிரி. ஒருமுறை இறக்கிவிட்டால் ரயில் கடந்து முடியும்வரை ஏறாது, நடுவில் நீங்கள் எத்தனை தரம் பொத்தானை அழுத்தினாலும் சரி. டிரையாக்கின் மூன்று கால்களில் 'கேட்' என்ற தூண்டும் காலில் ஒரு சின்னத் துடிப்பு கொடுத்ததும் அது கடத்த ஆரம்பிக்கும். கரண்ட் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கினால்தான் விடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுகிறது, ஒவ்வொரு அரை அலைக்கும் 10 மில்லிசெகண்ட். யூனோவின் அனலாக்ரைட் பெரும்பாலான பின்களில் நொடிக்கு 490 தடவை ஆன், ஆஃப் ஆகிறது. அதற்கும் மின்வாரியத்தின் அலைக்கும் எந்தப் பேச்சுவார்த்தையும் கிடையாது. போதாக்குறைக்கு எம்ஓசி3041 என்பது அலை பூஜ்யத்தின் அருகே இருக்கும்போது மட்டும் டிரையாக்கைத் தூண்டும் வகை. அந்தக் கணத்தில் உங்கள் அனலாக்ரைட் துடிப்பு மேலே இருந்தால் முழு அரை அலையும் போகும், கீழே இருந்தால் ஒன்றுமே போகாது. விளக்கு துடிப்பதன் காரணம் அதுதான். உங்கள் புரோகிராமில் தப்புத் தேடி இரண்டு ராத்திரி போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

எம்ஓசி3041, 3063 எல்லாம் ஹீட்டர், மோட்டார் மாதிரி ஆன், ஆஃப் வேலைக்கு நல்லவை. விளக்கை மங்கவைக்க வேண்டுமென்றால் அலையின் நடுவில், நாம் சொன்ன இடத்தில் தூண்ட வேண்டும். அதற்கு எம்ஓசி3021, 3052, 3053 போன்றவை. பார்க்க எல்லாம் ஒரே ஆறு கால் வெள்ளை அல்லது கறுப்புப் பெட்டிதான். கடையில் "எம்ஓசி கொடுங்க" என்றால் கையில் வந்ததைக் கொடுப்பார்கள். நான் 3052 அல்லது 3053 என்பேன். 230 வோல்ட்டின் உச்சி 325 வோல்ட். 3021 தாங்குவது 400. கூத்து நடக்கும் ஊர்களில் லைன் ஏறி இறங்குவதை நினைத்தால் அந்த இடைவெளி எனக்குப் போதவில்லை, 600 வோல்ட் தாங்கும் 3052 போட்டால் தூக்கம் வரும். யூனோவின் 5 வோல்ட் பின்னுக்கு 330 ஓம் வைத்தால் 3052-க்கு வேண்டிய 10 மில்லிஆம்பியர் கிடைத்துவிடும். இஎஸ்பி32 மாதிரி 3.3 வோல்ட் போர்டு என்றால் 5 மில்லிஆம்பியரில் வேலை செய்யும் 3053, 270 ஓம்.

சரி, மங்கவைப்பது எப்படி? அலை பூஜ்யத்தைத் தொடும் கணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், அங்கிருந்து கொஞ்சம் காத்திருக்க வேண்டும், பிறகு டிரையாக்கைத் தட்ட வேண்டும். எவ்வளவு காத்திருக்கிறோமோ அவ்வளவு மங்கல். 5 மில்லிசெகண்ட் காத்திருந்தால் சரியாகப் பாதி மின்சக்தி. ஆனால் 2.5 காத்திருந்தால் முக்கால் பங்கு வரும் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்: ஏறக்குறைய 91 சதவீதம் போகும். 7.5 காத்திருந்தால் கால் பங்கு கிடையாது, 9 சதவீதம்தான். அலை நடுவில் உப்பியும் ஓரங்களில் ஒட்டியும் இருப்பதால் இப்படி. இதற்கு மேல் இழையின் குணம் ஒன்று உண்டு. மின்சக்தி பாதியானால் இழையின் சூடு குறையும், வெளிச்சம் பாதியோடு நிற்காமல் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு விழும், நிறமும் சிவக்கும். ஆகவே குமிழைத் திருப்பும் அளவை அப்படியே காத்திருக்கும் நேரமாக்கினால் முதல் கால் திருப்பில் ஒன்றும் தெரியாது, நடுவில் குபீரென்று மாறும். 20, 25 படிகளுக்கு ஒரு அட்டவணை எழுதி, இருட்டில் உட்கார்ந்து கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். எந்த சூத்திரத்தைவிடவும் அது நன்றாக வரும்.

பூஜ்யத்தைக் கண்டுபிடிக்க எச்11ஏஏ1 என்ற ஆப்டோகப்ளர் எனக்குப் பிடித்தது. உள்ளே இரண்டு எல்இடி எதிரும் புதிருமாக இருப்பதால் பிரிட்ஜ் வேண்டாம். கிடைக்கவில்லையென்றால் பிசி817-க்கு (ஒரே எல்இடி உள்ள ஆப்டோகப்ளர்) முன்னால் நான்கு டையோடு போடுங்கள். லைனிலிருந்து வரும் ரெசிஸ்டர் ஒன்று போதாது. 47 கிலோ ஓம், 1 வாட், இரண்டு போடுங்கள், ஃபேஸில் ஒன்று, நியூட்ரலில் ஒன்று. ஒவ்வொன்றும் கால் வாட்டுக்கும் கொஞ்சம் மேலே சூடாகும், அதனால் கால் வாட் ரெசிஸ்டர் கருகும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: கால் வாட் ரெசிஸ்டருக்கு வாட் மட்டுமல்ல, வோல்ட் எல்லையும் உண்டு, பெரும்பாலும் 250 தான். ஒரே ஒன்றின் மேல் 325 ஏற்றினால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அதன் உடம்பிலேயே பொறி பறக்கும். மறுபக்கத்தை யூனோவின் 2-ஆம் பின்னுக்குக் கொடுத்து, உள்ளேயே இருக்கும் புல்அப் ரெசிஸ்டரை (பின்னை 5 வோல்ட்டில் பிடித்துவைப்பது) ஆன் செய்தால் போதும். ஒவ்வொரு பூஜ்யத்திலும் ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட் அகலமான துடிப்பு வரும். உண்மையான பூஜ்யம் அந்தத் துடிப்பின் நடுவில் இருக்கிறது, தொடக்கத்தில் இல்லை. இதைக் கணக்கில் எடுக்காமல் "என் டைமிங் அரை மில்லிசெகண்ட் தள்ளுகிறது" என்று புலம்புபவர்கள் நிறைய.

புரோகிராம் பக்கம் நான் அதிகம் சொல்லப்போவதில்லை. இன்டரப்டுக்குள் (நடக்கும் வேலையை நிறுத்தி உடனே ஓடும் பகுதி) டிலே போடாதீர்கள், அவ்வளவுதான். நான்கு விளக்கு என்பதால் சுலபமான வழி: 50 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை டைமர் இன்டரப்ட் வரட்டும், ஓர் எண்ணிக்கை ஏறட்டும். பூஜ்யம் வந்ததும் எண்ணிக்கையை 0 ஆக்குங்கள். ஒவ்வொரு விளக்கின் எண் வரும்போது அதன் பின்னை உயர்த்தி, அடுத்த ஒன்று இரண்டு படியில் இறக்குங்கள். பத்து மில்லிசெகண்டுக்கு 200 படி, கண்ணுக்கு இது தாராளம். ஓர் எச்சரிக்கை மட்டும். காத்திருப்பு 9 மில்லிசெகண்டைத் தாண்டவே கூடாது. தாண்டினால் தட்டும் துடிப்பு அடுத்த அரை அலைக்குள் வழிந்துவிடும். முழு இருட்டு கேட்ட இடத்தில் விளக்கு முழு வெளிச்சத்தில் பளிச்சென்று அடிக்கும். திரௌபதியைத் துகிலுரியும் கட்டத்தில் அப்படி அடித்தால் மாமா உங்களைச் சும்மா விடமாட்டார். முழு இருட்டு வேண்டுமென்றால் தட்டாமலே இருங்கள்.

இப்போது டிரையாக் ஏன் செத்தது என்பதற்கு வருவோம். 500 வாட் என்றால் 2.2 ஆம்பியர், பிடி136 தாங்குவது 4, அப்புறம் என்ன என்று நினைத்திருப்பீர்கள். எரியும் ஹாலஜன் இழையின் தடை 106 ஓம். அணைந்து குளிர்ந்த இழையை மீட்டர் வைத்து அளந்து பாருங்கள், 7, 8 ஓம் காட்டும். அலையின் உச்சியில் டிரையாக்கைத் தட்டினால் முதல் கணத்தில் 40 ஆம்பியர் பாயும். பிடி136 ஓர் அலைக்குத் தாங்குவது 25. முதல் நாள் தப்பியதே எம்ஓசி3041-இன் புண்ணியம், அது பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே தட்டியதால். டிரையாக் செத்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். அதனால்தான் விளக்கு அணையவில்லை. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பிடிஏ16-600 போடுங்கள். 16 ஆம்பியர், ஒரு கணத்துக்கு 160 வரை தாங்கும். கேட்டுக்கு 360 ஓம், அரை வாட் ரெசிஸ்டர். அதோடு தொடங்கும்போது ஒரு நொடி எடுத்து மெல்ல ஏற்றுங்கள். மேடை விளக்குக்காரர்கள் இன்னும் ஒரு படி போய், இருட்டு நேரத்திலும் இழை மங்கிய சிவப்பில் கனன்றுகொண்டிருக்கும்படி விட்டுவைப்பார்கள். இழைக்கும் நல்லது, டிரையாக்குக்கும் நல்லது. ராத்திரி முழுக்க மங்கலிலேயே ஓட்டினால் ஹாலஜன் குழாய் உள்ளே கறுக்கும், நடுநடுவே முழு வெளிச்சத்தில் ஓடட்டும். குழாயை மாற்றும்போது விரல் படாமல் துணி வைத்துப் பிடியுங்கள்.

பிடிஏ என்பதில் உள்ள அந்த 'ஏ' எழுத்துக்காக நான் ஒருமுறை காசு கொடுக்காமல் பாடம் கற்றேன். வேலூரில் ரிப்பேர் கடை வைத்திருந்த புதிதில், ஒரு டிம்மரில் பிடி வகை டிரையாக்கை அலுமினியப் பெட்டியிலேயே போல்ட் போட்டு முடுக்கிவிட்டேன், பெட்டியே சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் ஆகிவிடுமே என்ற கெட்டிக்காரத்தனம். அதன் முதுகுத் தகடு உள்ளே எம்டி2 என்ற கரண்ட் போகும் காலோடு இணைந்தது. பெட்டி முழுக்க லைன். பெட்டியை எடுத்து ஓரமாக வைக்கப் போனேன், கை முட்டிவரை உதறி எறிந்தது. ரப்பர் செருப்பு போட்டிருந்தேன், அதனால் இதை எழுதுகிறேன். பிடிஏ வகையில் தகடு உள்ளேயே 2500 வோல்ட் வரை இன்சுலேட் செய்யப்பட்டது. அப்படியிருந்தும் பெட்டிக்கு எர்த் கொடுங்கள். போலிச் சரக்கில் எழுத்து மட்டும் பிடிஏ என்று இருக்கும், ஆகவே மாட்டும் முன் தகட்டுக்கும் மூன்று கால்களுக்கும் மீட்டர் வைத்துப் பாருங்கள். 500 வாட்டுக்கு ஒவ்வொரு டிரையாக்கும் 2 முதல் 3 வாட் சூடு விடும். சித்திரை, வைகாசியில் நம் ஊர் பகலில் 40 டிகிரியைத் தாண்டும், ராத்திரியும் பெரிதாக ஆறாது. சின்ன ஹீட்சிங்காவது வேண்டும், பெட்டியில் காற்றோட்டமும் வேண்டும்.

இனி எனக்கு முக்கியமான விஷயம். இதையெல்லாம் 230 வோல்ட்டில் கற்றுக்கொள்ளாதீர்கள். 12-0-12, 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்குங்கள், பழைய எலிமினேட்டரிலிருந்து கழற்றியதும் சரி. நடுக் காலும் ஓர் ஓரக் காலும் எடுத்தால் 12 வோல்ட் ஏசி. விளக்குக்கு ஆட்டோ கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பு. ஆப்டோவுக்கு 94 கிலோ ஓமுக்குப் பதில் 4.7 கிலோ, கேட்டுக்கு 360-க்குப் பதில் 47 ஓம். மற்றதெல்லாம் அதே சர்க்யூட், அதே புரோகிராம், அதே 50 ஹெர்ட்ஸ். விரல் பட்டாலும் ஒன்றும் ஆகாது, தப்பாக இணைத்தால் பல்பு எரியாது, அவ்வளவுதான். பிரெட்போர்டு இங்கே தாராளமாக வைத்துக்கொள்ளலாம், லேப்டாப்பும் மாட்டிக்கொள்ளலாம், கல்லூரி லேபில் ஆஸிலோஸ்கோப் வைத்து அலையைப் பார்க்கலாம். அதே ஸ்கோப்பின் கிளிப்பை 230 வோல்ட்டில் வைத்தால், கிளிப் எர்த்தோடு இணைந்தது என்பதால், படார் என்று ஸ்கோப்பும் போகும் நீங்களும் திட்டு வாங்குவீர்கள். 12 வோல்ட்டில் ஒரு சின்னக் குறை உண்டு: வோல்ட் குறைவு என்பதால் ஒவ்வொரு அரை அலையின் முதல் ஒன்று, ஒன்றரை மில்லிசெகண்டிலும் கடைசியிலும் டிரையாக் பற்றாது. முழு வெளிச்சமும் மிக மங்கலும் சரியாக வராது. நடுவில் உள்ள எல்லாம் அப்படியே வரும். அட்டவணை, மெல்ல ஏற்றுவது, நான்கு சேனல் (பல்பை ஒவ்வொரு சேனலாக மாற்றி மாட்டி; நான்கு பல்பும் ஒன்றாக எரிந்தால் 3 ஆம்பியர் போதாது), எல்லாம் இங்கே முடித்துவிடலாம். டிரான்ஸ்ஃபார்மரின் முதல் பக்கம் மட்டும் 230 தான், அந்த முனைகளைச் சுற்றிக் கட்டி ஒரு டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள்.

அது பிசகாமல் ஓடிய பிறகு, 230-க்குப் போகும்போது போர்டே வேறு. டாட் போர்டில் (துளையும் செம்புப் புள்ளியும் உள்ள சால்டர் பலகை) செய்வதானால் ஆப்டோவின் இரண்டு கால் வரிசைக்கும் நடுவில் 7.62 மில்லிமீட்டர் இருக்கிறது, அந்தக் கோட்டை போர்டு முழுக்க நீட்டி ஓர் எல்லை போடுங்கள். ஒரு பக்கம் உங்கள் ஊர், மறுபக்கம் மின்வாரியத்தின் ஊர். அந்தக் கோட்டின் அடியில் உள்ள செம்புப் புள்ளிகளைச் சூடாக்கி உரித்து எடுத்துவிடுங்கள். எந்த ஒயரும் கோட்டைத் தாண்டக் கூடாது, தாண்டுவது ஆப்டோக்கள் மட்டும். "கிரவுண்டை மட்டும் சேர்த்துக்கொள்ளலாமா, நாய்ஸ் குறையுமே" என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அதே கோட்டை மறைமுகமாகத் தாண்டும் இன்னொன்று, ஆர்டுயினோவுக்கு கரண்ட் கொடுக்கும் மலிவு மொபைல் சார்ஜர். அதன் உள்ளே இடைவெளி எவ்வளவு என்று யாருக்குத் தெரியும். நல்ல அடாப்டர் போடுங்கள். குமிழ்களுக்கு பிளாஸ்டிக் தண்டு உள்ள பொட்டென்ஷியோமீட்டர் வாங்குங்கள். புரோகிராமை மாற்ற லேப்டாப் மாட்டும்போது லைன் பிளக் கையில் இருக்க வேண்டும், சுவரில் இருக்கக் கூடாது.

முதல் முறை 230 கொடுக்கும்போது நம் எலக்ட்ரீஷியன்களின் சீரிஸ் போர்டைப் பயன்படுத்துங்கள். 100 வாட் குண்டு பல்பு ஒன்றை லைனில் வரிசையாக இணைத்த பலகை. மாமாவிடமே இருக்கும். எங்காவது ஷார்ட் இருந்தால் வெடிப்பதற்குப் பதில் அந்தக் குண்டு பல்பு எரியும், அவ்வளவோடு போகும். முதல் சோதனையில் விளக்கும் 500 வாட் வேண்டாம், இன்னொரு 60 வாட் குண்டு பல்பு போதும்.

ஒவ்வொரு விளக்குக்கும் 4 ஆம்பியர் ஃபியூஸ், கண்ணாடிக் குழாய் வேண்டாம், பீங்கான் உடம்பு உள்ளது. ஷார்ட்டின்போது கண்ணாடி ஃபியூஸ் உள்ளேயே தீப்பொறியாக ஓடிக்கொண்டிருக்கும். உண்மையைச் சொன்னால் ஃபியூஸ் டிரையாக்கைக் காப்பாற்றுமா என்பது சந்தேகம்தான். ஒயரையும் கீற்றுப் பந்தலையும் காப்பாற்றும். டிரையாக் தானாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்க, அதன் குறுக்கே 39 ஓம் ரெசிஸ்டரும் 10 நானோஃபாரட் கப்பாசிட்டரும் வரிசையாகப் போட்டால் போதும், கப்பாசிட்டர் எக்ஸ்2 வகையாக (லைனுக்குக் குறுக்கே போடுவதற்கென்றே செய்தது) இருக்கட்டும். சிலர் 100 நானோ போடுவார்கள். அது வழியே அணைந்த நிலையிலும் 7 மில்லிஆம்பியர் கசியும், எல்இடி பல்பு மாட்டினால் பேய் மாதிரி மினுங்கும். 10 நானோவிலும் 0.7 கசிகிறது. சொல்ல வந்தது இதுதான்: டிரையாக் அணைத்த விளக்கை அணைந்த விளக்கு என்று நம்பிக் கை வைக்காதீர்கள். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாக வெட்டும் ஒரு மெயின் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குழாய் மாற்றும்போது அதை அணைத்துவிடுங்கள். டிரையாக் ஷார்ட் ஆன ராத்திரியிலும் அதுதான் கைகொடுக்கும்.

கூத்து என்பதால் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது, மேசை மேல் வைத்துச் செய்யும் புராஜெக்டில் இது வராது. பெரும்பாலும் ஜெனரேட்டரில் ஓடும். அதன் 50 ஹெர்ட்ஸ் 50 ஆக நிற்காது, சுமை ஏற இறங்க 48-க்கும் 52-க்கும் போய்வரும், அலையும் அழகாக இருக்காது. 52 ஹெர்ட்ஸில் அரை அலை 9.6 மில்லிசெகண்டுதான். ஆகவே பத்து மில்லிசெகண்ட் என்று எழுதி வைக்காமல், இரண்டு பூஜ்யங்களுக்கு நடுவில் உள்ள நேரத்தை ஒவ்வொரு தடவையும் அளந்து, காத்திருப்பை அதில் இத்தனை பங்கு என்று கணக்கிடுங்கள். ஒரு பூஜ்யம் வந்து 8 மில்லிசெகண்டுக்குள் இன்னொன்று வந்தால் அது பொய், தள்ளிவிடுங்கள். 30 மில்லிசெகண்டாக எதுவுமே வரவில்லையென்றால் எல்லாத் தட்டலையும் நிறுத்திவிட்டு, மறுபடி வந்ததும் மெல்ல ஏற்றுங்கள். சின்ன ஜெனரேட்டரில் நான்கு விளக்கும் ஒரே கணத்தில் தட்டினால் அதன் வோல்டேஜ் ரெகுலேட்டரே தடுமாறி, எல்லா வெளிச்சமும் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும். விளக்குக்கு விளக்கு தட்டும் நேரத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள், ஓரளவு அடங்கும்.

அடுத்து மைக். அலையின் நடுவில் திடீரென்று கரண்ட் ஏறுவதால் அந்த வெட்டு ஆம்ப்ளிஃபையருக்குள் 'ர்ர்ர்' என்று இறங்கும், முகவீணையைவிட சத்தமாகக் கேட்கும். பாதி வெளிச்சத்தில்தான் மோசம். டிரையாக்கோடு வரிசையாக நல்ல ஃபெரைட் அல்லது இரும்புத் தூள் வளையத்தில் சுற்றிய சோக் போட்டால் குறையும். மைக் ஒயரும் விளக்கு ஒயரும் ஒரே கட்டாகக் கட்டி இழுக்காமல் எதிரெதிர்ப் பக்கம் கொண்டுபோனால் இன்னும் குறையும். மாமாவுக்கு இது உங்களைவிடத் தெரியும்.

பிறகு தரை. ஆடுகிறவர்கள் சலங்கை கட்டி வெறுங்காலோடு ஆடுகிறார்கள். தூசி அடங்கத் தண்ணீர் தெளித்திருப்பார்கள். கோடை மழை எப்போது வேண்டுமானாலும் வரும். எம்சிபி என்பது ஒயர் எரியாமல் இருக்க, மனிதருக்கு அல்ல. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் வெட்டும் சுவிட்ச்) கட்டாயம். விளக்கு ஸ்டாண்ட், பெட்டி எல்லாம் எர்த்தோடு. ஜெனரேட்டர் என்றால் இன்னொரு சிக்கல்: அதன் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருந்தால், ஒரு ஸ்டாண்டில் லைன் ஏறினாலும் ஆர்சிசிபி அசையாது. இரண்டாவது கோளாறு வரும்வரை யாருக்கும் தெரியாது. ஆர்சிசிபிக்கு முன்னால், ஜெனரேட்டர் பக்கத்திலேயே நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து, எர்த் கம்பி அடிக்க வேண்டும். இதை லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வைத்துச் செய்யுங்கள். உங்கள் ஆர்டுயினோ சாமர்த்தியம் இங்கே உதவாது. பந்தலுக்கு வரும் பிளக் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி மாட்டியிருக்கும், டிரையாக் நியூட்ரலில் போய் உட்கார்ந்தால் விளக்கு அணைந்தாலும் ஹோல்டரில் லைன் நிற்கும். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்த ஊரிலும் மெயினைப் போடாதீர்கள்.

"ஹாலஜனுக்குப் பதில் எல்இடி ஃப்ளட் லைட் போட்டால்?" என்று அடுத்து கேட்பீர்கள். கடையில் கிடைக்கும் 50 வாட் எல்இடி விளக்குகளில் பெரும்பாலானவை மங்கவைக்கச் செய்தவை அல்ல. இந்த டிம்மரில் மாட்டினால் ஒரு கட்டம்வரை ஒன்றும் ஆகாது, அப்புறம் படபடவென்று வெட்டும், உள்ளே இருக்கும் டிரைவர் சீக்கிரம் போகும். எல்இடி வேண்டுமென்றால் 230 பக்கமே போகாதீர்கள். நல்ல 12 அல்லது 24 வோல்ட் பவர் சப்ளை, எல்இடி ஸ்ட்ரிப் அல்லது பார், ஐஆர்எல்இசட்44என் மாதிரி 5 வோல்ட்டில் திறக்கும் மாஸ்ஃபெட் (டிசி கரண்டுக்கான எலக்ட்ரானிக் சுவிட்ச்). அங்கே உங்கள் அனலாக்ரைட் நினைத்தபடியே வேலை செய்யும், பூஜ்யம் தேட வேண்டாம், ஷாக் பயமும் இல்லை. வீட்டுக்கு யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். சீலிங் ஃபேனை மட்டும் இந்த ஹாலஜன் டிம்மரில் மாட்டிவிடாதீர்கள், முனகும், சூடாகும்.

கூத்துக்கு எல்இடியா ஹாலஜனா என்றால், என் ஓட்டு ஹாலஜனுக்கு. கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் மஞ்சள் வெளிச்சத்தில் மின்னுவது வேறு. தீவட்டியும் பெட்ரோமாக்ஸும் வைத்து ஆடிய வேஷம் அது. இழை மெல்லச் சிவந்து அடங்கும்போது அந்த நிறமும் கூடவே வரும், எல்இடி மங்கினால் வெறும் வெள்ளை மங்கலாகும், அவ்வளவே. ஆனால் ஜமாவின் (கூத்துக் குழுவின்) வாத்தியாரிடம் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். திரைக்குப் பின் விருத்தம் பாடுபவர் எவ்வளவு நேரம் இழுப்பார் என்பது அன்றைய தொண்டையைப் பொறுத்தது, ஆகவே இத்தனை நொடி என்று புரோகிராமில் பூட்டாமல் கையில் ஒரு குமிழாக வையுங்கள். கட்டியங்காரன் பேசும்போது மங்கவே வைக்காதீர்கள். அவர் முன்வரிசையில் இருப்பவரைப் பார்த்துத்தான் கிண்டல் செய்வார், அந்த ஆளின் முகம் அவருக்குத் தெரிய வேண்டும்.

சாமான்களுக்கு, காட்பாடியில் ரயில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சென்ட்ரல், அங்கிருந்து ரிச்சி தெரு பக்கம்தான். பிடிஏ16 எட்டு வாங்குங்கள், நான்கு மாட்ட, நான்கு பெட்டியில் வைக்க. எச்11ஏஏ1 இரண்டு. எக்ஸ்2 கப்பாசிட்டரை எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரை மறந்துவிட்டு வந்தால் மறுபடி போய் வாங்கி வந்த பிறகுதான் சால்டரிங் அயர்னைத் தொட வேண்டும்.